ஏற்றத்தில் நின்ற வண்டி

அவருக்குத் தெருவில் இரண்டு பெயர். முகத்துக்கு நேரே மெக்கானிக் அண்ணன். முதுகைத் திருப்பினால் சந்தேகம். "சந்தேகம் இன்னும் கடை திறக்கலையா?" என்று எதிர் வரிசை டயர்க்காரர் விசாரிப்பது அவர் காதில் விழாமல் இல்லை. அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்பதில்தான் இத்தனை வருடமாக அவருக்குச் சந்தேகம்.

பெயர் வந்த காரணம் பட்டறைக்குள் நுழைந்தாலே தெரிந்துவிடும். பின்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு நீலப் பலகை. அதில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவமும் வெள்ளைப் பெயின்டில் வரைந்திருக்கும். வரைந்த இடத்தில் அந்தந்த ஸ்பேனர் தொங்க வேண்டும். சாயங்காலம் ஷட்டரை இறக்கும் முன் பலகை எதிரே நின்று மேலிருந்து கீழாக எண்ணுவார். எழுபத்து நான்கு. ஒன்று குறைந்தாலும் அன்று வந்துபோன ஒவ்வொருவரின் முகமும் மனதுக்குள் வரிசையாக வந்து நிற்கும். பக்கத்துக் கடைக்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர், ஏன், கூடப் பிறந்த அக்காவே ஆனாலும் அந்த வரிசையில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். கடைசியில் ஸ்பேனர் அவருடைய பாக்கெட்டிலேயே கிடைக்கும். அதை அதன் படத்தில் மாட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி கையைத் துடைத்துக்கொள்வார்.

துடைக்கிற துணி மனைவியின் உபயம். வீட்டில் கிழிந்தது, சாயம் போனது எதுவாக இருந்தாலும் கைக்குட்டை அளவுக்கு வெட்டி, ஓரம் பிரியாமலிருக்க மெஷினில் ஒரு தையல் ஓட்டி, கட்டாகக் கொடுத்துவிடுவாள். அதை மட்டும் அவர் எண்ணுவதில்லை. கந்தல் துணியை எவன் திருடப் போகிறான்?

பிறக்கும்போதே இப்படி இல்லை. பத்தொன்பது வயதில் ஒரு பெரிய பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஒருநாள் இன்ஜெக்டர் கழற்றுகிற கருவி ஒன்று காணாமல் போனது. ஃபோர்மேன் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக வந்து இவருடைய பையைப் பிரித்து எல்லோர் முன்னாலும் மேஜைமேல் கவிழ்த்தார். சாப்பாட்டு டப்பா உருண்டு போய்க் கீழே விழுந்தது. பையில் எதுவும் இல்லை. ஆனாலும் அடுத்த வாரம், "நீ இனிமே வர வேணாம்பா" என்றார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு லாரி சர்வீஸுக்கு வந்தபோது அதன் இன்ஜினுக்குப் பின்னால், ஃபோர்மேன் வைத்த இடத்திலேயே அந்தக் கருவி உட்கார்ந்திருந்ததாம். டீக்கடையில் யாரோ சிரித்துக்கொண்டே சொல்லித்தான் இவருக்குத் தெரிய வந்தது. பட்டறையிலிருந்து ஒருவரும் வந்து சொல்லவில்லை.

இவ்வளவு பட்டவர் மற்றவர்களைச் சந்தேகப்படமாட்டார் என்றுதானே நினைப்போம்? நேர் எதிராகப் போனது. யாராவது தன்னைப் பார்ப்பதற்குள் தான் அவர்களைப் பார்த்துவிட வேண்டும் என்று கண்ணை இடுக்கிக்கொண்டார். முப்பது வருடமாக அந்தக் கண் அப்படியே நின்றுவிட்டது.

இந்தக் கண்ணில் கடைசியாக வந்து விழுந்தவன் சிரிப்பு.

சிரிப்பு என்பது அக்காவின் டிரைவர். ஊரே அவனை அப்படித்தான் கூப்பிடும். கேட்டாலும் சிரிப்பான், திட்டினாலும் சிரிப்பான். அக்கா கட்டட வேலைகளுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவள். டிரெய்லரில் ஏற்றிய ஜெனரேட்டரை இழுத்துப் போவதற்கென்றே ஒரு டீசல் பிக்கப் வைத்திருந்தாள். அவளுடைய ஷெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் சிரிப்பும் அவன் மனைவியும் குடியிருந்தார்கள். அவள் ஏழு மாத கர்ப்பம். வேலையோடு வந்த அறை அது.

பிக்கப் கம்பெனியிலிருந்து வந்த மாதிரி இல்லை. அக்கா கேட்டாள் என்று மூன்று மாதத்துக்கு முன் மெக்கானிக் தன் கையாலேயே அதை மாற்றியிருந்தார். டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்களைப் பெரிதாகப் போட்டார். இன்ஜினுக்குக் கூடுதலாக டீசல் கேட்கச் சொல்லி ஒரு சிப் வைத்தார். அவ்வளவு டீசலும் போய்ச் சேர வேண்டுமே என்று டேங்க்கின் மேல்பக்கம் புதிதாக ஓட்டை போட்டு, உள்ளே தடித்த குழாய் இறக்கி, தனியாக ஒரு எலக்ட்ரிக் பம்ப் வைத்தார். அன்றைக்கு வண்டியைத் தட்டிக்கொடுத்து, "இனிமே இது யானை" என்றார்.

ஒரு மாதத்துக்கு முன் அக்கா இன்னும் பெரிய ஜெனரேட்டர் ஒன்று வாங்கினாள். அதிலிருந்து யானைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஊருக்கு வெளியே, மூடிக் கிடக்கும் கிடங்குக்குப் பக்கத்தில் நீளமான ஏற்றம் ஒன்று உண்டு. பாதி ஏற்றத்தில் வண்டி சோர்ந்து, விளக்கு எரிந்து, உருளுகிற வேகத்துக்கு வந்துவிடும். ஸ்கேனரை மாட்டினால் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்துக் கொடுக்கும் குழாயில், அழுத்தம் குறைவு என்று வரும். ஆயிரத்து அறுநூறு இருக்க வேண்டிய இடத்தில் தொள்ளாயிரம்.

"பத்து நிமிஷம் நிறுத்திப் போட்டா தானா சரியாயிடுது அண்ணே" என்றான் சிரிப்பு, சிரித்துக்கொண்டே.

"வண்டிக்கு என்ன தலைவலியா, படுத்து எழுந்தா சரியாக?"

"எனக்கு என்ன தெரியும்? நடக்கிறதைச் சொல்றேன்."

மெக்கானிக் ஃபில்டரை மாற்றினார். நாலு இன்ஜெக்டரிலும் சின்னக் குழாய் மாட்டி, திரும்பி வருகிற டீசலைப் பாட்டிலில் பிடித்து அளவு பார்த்தார். நாலும் ஒரே அளவு, இன்ஜெக்டரில் குறை இல்லை. பட்டறையில் நிறுத்தி எவ்வளவு முறுக்கினாலும் வண்டி எந்தத் தடங்கலும் இல்லாமல் உறுமியது. குறை ஏற்றத்தில் மட்டும்தான். அதுவும் சிரிப்பு தனியாகப் போகும்போது மட்டும்தான்.

அவருக்குள் கண் இடுங்கியது. மூடின கிடங்கு. ஆள் நடமாட்டம் இல்லாத இடம். தினம் பத்து நிமிடம். ஒருநாள் மதியம் தன் ஸ்கூட்டரைத் தூரத்தில் நிறுத்திவிட்டுப் போய்ப் பார்த்தார். பிக்கப் நின்றிருந்தது. சிரிப்பு டிரெய்லர் மேல் உட்கார்ந்து போனில் யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான் தெரிந்தது. அவருக்கு அதுவே போதும்.

"டீசலை எடுத்துட்டு மண்ணெண்ணெயை ஊத்துறான்கா" என்றார் அக்காவிடம். "கனமில்லாத எண்ணெய். அழுத்தம் எப்படி நிக்கும்?"

"கண்ணால பார்த்தியா?"

"கண்ணால பார்க்கிற மாதிரியா செய்வான்? சும்மா சும்மா சிரிக்கிறவன் மனசுல என்னமோ இருக்கும்."

அக்கா டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டாள். சாவியைத் தன் வளையத்தில் மாட்டிக்கொண்டாள். டீசல் போட வேண்டுமானால் சிரிப்பு அவளுக்குப் போன் செய்ய வேண்டும், அவள் பங்க்குக்கு வந்து திறந்துவிட வேண்டும். அதற்குப் பிறகும் வண்டி ஏற்றத்தில் நின்றது.

"அப்ப அவன் இல்லையேடா" என்றாள் அக்கா.

"கள்ளச்சாவி" என்றார் தம்பி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

அக்காவுக்கும் பொறுமை போய்விட்டது. கட்டடக்காரர்கள் தாமதத்துக்காகக் கத்தினார்கள். "தம்பி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம். அவன்தான்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிடறேன். அந்த ரூமையும் காலி பண்ணச் சொல்லணும். உன் வார்த்தைதான் எனக்கு."

வெள்ளிக்கிழமை காலையில் மெக்கானிக் அடுப்படியில் நின்றபடியே காபி குடித்தார். ஜன்னலில் எலுமிச்சம்பழம் போட்ட மஞ்சள் திரை ஒரு பாதிக்கு மட்டும் தொங்கியது. மறு பாதி வழியாக வெயில் நேரே கண்ணைக் குத்தியது.

"இந்தப் பக்கத்துக்கு எப்பத்தான் திரை போடப் போற?"

"அடுப்புல பட்டுக் கருகினதுதானே போச்சு? அதே எலுமிச்சை டிசைன்ல துணி கிடைக்கட்டும், பார்க்கலாம்" என்றாள் மனைவி. "நீங்க எதுக்கு இன்னிக்கு இவ்வளவு காலையில கிளம்புறீங்க?"

"ஒருத்தனைக் கையும் களவுமா பிடிக்கணும்."

"யாரை? அந்தச் சிரிக்கிற பையனையா? அவன் பொண்டாட்டி நேத்து கடையில என்னைப் பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டா. என்ன சொல்லி வெச்சிருக்கீங்க அவங்களைப் பத்தி?"

அவர் டம்ளரைக் கழுவி வைத்தார்.

அன்று அவர் செய்தது நல்ல வேலை. அதை யாரும் குறை சொல்ல முடியாது. எலக்ட்ரிக் பம்ப்புக்கும் இன்ஜின் பம்ப்புக்கும் நடுவே ஒரு கேஜை இணைத்து, அதன் ஹோஸைப் பானெட்டுக்கு வெளியே இழுத்து, டயலை முன்கண்ணாடியில் வெளிப்பக்கமாக டேப் போட்டு ஒட்டினார். டேங்க்கிலிருந்து வரும் வழியில் ஒரு முழம் கண்ணாடிக் குழாய் போட்டார். பிறகு டிரெய்லரை மாட்டச் சொல்லி சிரிப்புக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

சமதரையில் முள் பத்தில் நின்றது. ஏற்றம் தொடங்கியது. பத்து. ஒன்பது.

"இப்பப் பாருங்க, இந்தக் கரண்ட் போஸ்ட் தாண்டினதும் இழுக்கும்" என்றான் சிரிப்பு.

"எந்தப் போஸ்ட்ல நிக்கும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு மாசமா நிக்குது. போஸ்ட் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி ஆயிடுச்சு அண்ணே."

போஸ்ட்டைத் தாண்டினார்கள். முள் படுத்துக்கொண்டே போய்ப் பூஜ்யத்தில் விழுந்தது. வண்டி துவண்டது. மெக்கானிக் குதித்து இறங்கி, கீழே குனிந்து குழாயைப் பார்த்தார். காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லை. காற்று உறிஞ்சவில்லை. அப்படியென்றால் பம்ப் இழுக்கிறது, வரத்துதான் இல்லை. இன்ஜின், ரெயில், இன்ஜெக்டர் எல்லாம் தப்பித்தன. குறை இருப்பது பின்னால், டேங்க் பக்கம்.

டேங்க் என்றால் டீசல். டீசல் என்றால் சிரிப்பு. இப்படித்தான் அவர் கணக்குப் போட்டார்.

பூட்டை அக்கா காலையிலேயே திறந்துவிட்டுப் போயிருந்தாள். மூடியைத் திறந்தார். கைப்பம்ப்பால் அந்த டேங்க் டீசலையே ஒரு பெரிய கேனில் இறைத்தார். பாட்டிலில் பிடித்துக் குலுக்கினார். முகர்ந்து பார்த்தார். விரலில் தொட்டுத் தேய்த்தார். சிரிப்பு கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"குடிச்சும் பார்த்துடுங்க அண்ணே."

"பார்க்க வேண்டியதை வண்டி பார்க்கும். இப்ப டேங்க் வழியை மூடிட்டு, கேன்லருந்து நேரா ஓட்டப் போறேன். உன் டீசல் எவ்வளவு சுத்தம்னு தெரிஞ்சுடும்."

கேனை வண்டியின் பின்பக்கம் கட்டி, குழாயை அதில் இறக்கி, ஏற்றத்தின் அடிவாரத்துக்கே திரும்பிப் போய் ஆரம்பித்தார்கள். போஸ்ட் வந்தது. முள் பத்தில் நின்றது. போஸ்ட் போனது. முள் அசையவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி வண்டி ஏற்றத்தில் ஓடியது. சிரிப்பு ஸ்டீயரிங்கைத் தட்டிச் சத்தம் போட்டுச் சிரித்தான்.

"எதுக்குச் சிரிக்கிற?"

"ஏறுதே அண்ணே! அதே டீசல்! அதே டீசல்ல ஏறுதே!"

உச்சிக்கு வந்து வண்டியை நிறுத்தச் சொன்னார். ஆமாம், அதே டீசல். தானே இறைத்தது. மறுக்க ஒரு வழியும் இல்லை. ஆனாலும் மனது விடவில்லை. டேங்க்குக்குள் எதையாவது போட்டிருக்கிறான். வேண்டுமென்றே போட்டிருக்கிறான். இறக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பட்டறையில் இருவரும் சேர்ந்து டேங்க்கை இறக்கினார்கள். மதியம் மூன்று மணி. தான் போட்ட குழாயின் போல்ட்டுகளைத் தானே கழற்றி, அதை மெதுவாக வெளியே எடுத்தார். டார்ச் அடித்தார். டீசலுக்குள் என்னவோ சோம்பலாக மிதந்துகொண்டிருந்தது. கையை முழங்கை வரை விட்டு எடுத்தார். கறுத்துப்போன ஒரு துணி.

பார்த்த கணமே புரிந்தது. இன்ஜின் கடுமையாக இழுக்கும்போது இது போய்க் குழாய் வாயில் ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் பிடி விட்டு மிதந்து விலகும். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். அவன் சொன்னது அட்சரம் பிசகாமல் உண்மை.

"என்னண்ணே அது?"

"குப்பை" என்று சொல்லிக் கையை மூடிக்கொண்டார்.

"டேங்க்குக்குள்ள குப்பையா? பங்க்ல எவனாவது போட்டிருப்பானோ?"

பங்க்கில் போட முடியாது. ஊற்றுகிற வாயில் சல்லடை உண்டு. அது அவருக்குத் தெரியும். "நீ போய் டீ குடிச்சுட்டு வா" என்று அவனை அனுப்பிவிட்டு, தட்டில் கொஞ்சம் புது டீசல் ஊற்றித் துணியை அலசினார். கறுப்பு இறங்கியது. மஞ்சள் தெரிந்தது. அதில் ஒரு எலுமிச்சம்பழம். ஓரத்தில் பிரியாமலிருக்க ஓட்டிய தையல்.

முதலில் யாரைச் சந்தேகப்பட்டார் தெரியுமா? சிரிப்பைத்தான். போன மாதம் ஒரு தடவை வீட்டு வாசலுக்கு வந்தானே, அன்றைக்கு எடுத்திருப்பானோ? வாசலோடு திரும்பினான், உள்ளே வரவில்லை. அப்படியென்றால் டயர்க்காரரா? தண்ணீர் கேன்காரரா? மனைவி யாருக்காவது கொடுத்தாளா? எல்லா முகத்தையும் வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். வரிசை காலியான பிறகுதான் அந்த நாள் நினைவுக்கு வந்தது. டேங்க்கில் ஓட்டை போட்டால் இரும்புத் தூள் உள்ளே விழாமலிருக்கத் துணியை அடைப்பார். யார் டேங்க்கானாலும் அது அவருடைய முறை. அன்று அடைத்துவிட்டு அரத்தால் ஓரம் தேய்க்கும்போது டயர்க்காரர் கூப்பிட்டார். எழுந்து போனார். வந்து குழாயை இறக்கினார். நடுவில் துணியை எடுத்தாரா?

அன்று சாயங்காலம் பலகை எதிரே நின்று எண்ணியது மட்டும் நன்றாக நினைவிருந்தது. எழுபத்து நான்கு. எல்லாம் சரியாக இருந்தது.

ஐந்து மணிக்கு அக்கா வந்தாள். சாவி வளையத்தை ஆட்டிக்கொண்டே, "திங்கக்கிழமைக்கு வேற டிரைவரைப் பேசிட்டேன். என்னடா, அவன்தானே?" என்றாள்.

அவர் துணியை மேஜைமேல் விரித்தார். அக்கா குனிந்து பார்த்தாள். தம்பி வீட்டு அடுப்படியில் எத்தனையோ நாள் உட்கார்ந்து பேசியவள். எலுமிச்சம்பழத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"அடப்பாவி" என்றாள் மெதுவாக. "டேங்க்ல இருந்துச்சா?"

"ம்."

"அவன் பார்த்தானா?"

"குப்பைன்னு சொன்னேன்."

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "சரி விடு. டேங்க்ல அழுக்குன்னு சொல்லிடலாம். அவன் வேலையில இருக்கட்டும், புது ஆளை நான் வேணாம்னுடறேன். உன் பட்டறைப் பேரு எதுக்குக் கெடணும்? மெக்கானிக்கே டேங்க்ல துணியை விட்டான்னா நாளைக்கு எவன் வண்டி விடுவான்?"

நல்ல யோசனைதான். அவனுக்கு வேலை இருக்கும், அறை இருக்கும். இவருக்குப் பெயர் இருக்கும். துணியைச் சுருட்டி எண்ணெய் டிரம்மில் எறிந்தால் முடிந்தது. அவர் சுருட்டவும் செய்தார். டிரம் வரைக்கும் போனார். அங்கே நின்றபோது உருண்டுபோன அந்தச் சாப்பாட்டு டப்பாவின் சத்தம் காதில் கேட்டது என்று பிறகு மனைவியிடம் சொன்னார். அதை அவள் நம்பினாளோ இல்லையோ.

"டேங்க் சாவியைக் கொடுக்கா" என்றார்.

சிரிப்பு டீக்கடை பெஞ்சில் இருந்தான். டயர்க்காரர் உட்பட நாலு பேர் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. துணியை நீட்டி, "இது என் வீட்டுத் துணி. டேங்க்ல நான் விட்டது. நீ ஒண்ணும் பண்ணலை. அக்காகிட்ட உன்னைப் பத்திச் சொன்னதெல்லாம் தப்பு" என்றார். பூட்டுச் சாவியை அவன் பக்கத்தில் பெஞ்சின்மேல் வைத்தார்.

டயர்க்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, சிரிப்பின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த முகத்தில் சிரிப்பு இல்லை. அது இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. வேறு யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

"ஒரு மாசம் அண்ணே" என்றான். "ஷெட்ல யார் வந்தாலும் என் பொண்டாட்டி கதவைச் சாத்திக்குவா. உன் புருஷன் டீசல் திருடுறானாமேன்னு கேட்டுடுவாங்களோன்னு." சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். மன்னித்துவிட்டானா என்று தெரியவில்லை.

மறுநாள் காலை டேங்க்கைக் கழுவி மாட்டுவதற்குத் தயாராக வைத்திருந்தார். சிரிப்பு வண்டி எடுக்க வந்தான். வந்தவன் வண்டியில் ஏறவில்லை. டேங்க் பக்கத்தில் ஒரு காலிப் பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். மேஜைமேலிருந்த துணிக்கட்டைக் காட்டினான்.

"மூடுறதுக்கு முன்னாடி அதை எண்ணுங்க."

"துணியையா?"

"ஆமா. இன்னிக்கு எத்தனை எடுத்தீங்க, இப்ப எத்தனை இருக்குன்னு. என் முன்னாடி."

இத்தனை வருடத்தில் இந்தப் பட்டறைக்குள் அவரைப் பார்த்து இப்படி ஒருவர் கண்ணை இடுக்கியதில்லை. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, துடைத்த துணியையும் சேர்த்து மேஜைமேல் போட்டார்.

"ஒண்ணு" என்றார். "ரெண்டு."

சிரிப்பு உதட்டை அசைத்துக் கூடவே எண்ணினான். கண் அவர் கையை விட்டு நகரவில்லை.